தேயும் துத்தநாகம்

கரையில் நின்று கடலைக் கண்டவனே அன்றிக் கடலிற் சென்றவன் அல்லேன் யான். முப்பத்துநான்கு ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஓய்வு பெற்றபின், 2023ஆம் ஆண்டு சூன் திங்களில், சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகனிடம் சென்று தங்கினேன். அவனும் அவன் நண்பர் இருவரும் கூடிப் பழைய பாய்மரப் படகொன்றை விலைக்கு வாங்கியிருந்தனர். காற்று வீசுங்கால் பாயாலும், காற்று ஓய்ந்தவிடத்துச் சிறியதொரு டீசல் எந்திரத்தாலும் செல்லும் படகு அது.

ஞாயிற்றுக்கிழமையொன்றில் சாங்கியிலிருந்து புறப்பட்டோம். நண்பகலுக்குப்பின் காற்று அடியோடு நின்றது. பாய் துவண்டு தொங்கிற்று. மகன் எந்திரத்தை முடுக்கினான். ஒரு நாழிகை சென்றிருக்கும். எச்சரிக்கை மணி ஓயாது ஒலித்தது. எந்திரம் அளவுக்கு மேல் வெப்பமுற்றது கண்டு அவன் உடனே அதனை நிறுத்தினான். சிங்கப்பூர் நீரிணை கப்பற்போக்குவரத்து மிகுந்த கடல்வழி. நீரோட்டம் எங்களைப் பெருங்கப்பல்கள் செல்லும் தடத்தை நோக்கி இழுத்தது. மலை போன்ற கப்பலொன்று தொலைவில் வந்துகொண்டிருந்தது. அது நினைத்தவுடன் நிற்கவும் இயலாது, விலகவும் இயலாது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். மகன் ஒன்றும் பேசவில்லை. பாயை மட்டும் திருத்திக்கொண்டிருந்தான். எங்கள் நற்பேறு, தெற்கிலிருந்து இளங்காற்று எழுந்தது. மெல்ல மெல்லத் தடத்தைவிட்டு விலகிக் கரை சேர்ந்தோம்.

மறுநாள் காரணம் தெரிந்தது. அவ்வெந்திரத்தைச் சுற்றியோடிக் குளிர்விப்பது நன்னீர். அந்நன்னீரின் வெப்பத்தை ஏற்றுக்கொள்வது கடல்நீர். இரண்டும் கலவாமல் வெப்பத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் இடத்திற்கு வெப்பமாற்றி என்று பெயர். அதனுள்ளே செம்புக்கலவையால் ஆகிய மெல்லிய குழாய்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஊசிமுனையளவு துளை விழுந்திருந்தது. அத்துளை வழியே நன்னீர் சிறிது சிறிதாகக் கடலுக்குப் போய்விட்டது.

குழாய் அரிக்கப்படாமற் காத்தற்கென்றே எழுதுகோல் பருமனுள்ள துத்தநாகக் கோலொன்று வெப்பமாற்றியிற் செருகப்பட்டிருக்கும். மூன்று திங்களுக்கு முன் அதனைக் கழற்றிப் பார்த்த தொழிலாளர் ஒருவர், “கோல் புதிதுபோல் இருக்கிறது, மாற்ற வேண்டுவதில்லை” என்று கூறிச் சென்றனராம். இதனைக் கேட்டு, “பொருள் தேயாதிருத்தல் நன்றுதானே?” என்றேன்.

“இல்லை, அப்பா. அது தேயாவிட்டால் வேறொன்று தேய்கிறது என்று பொருள்” என்றான் மகன்.

கோல் பித்தளை மூடியிற் பொருந்தும் திருகுமரையில், ஒருவகைப் பசை தடிப்பாகப் பூசப்பெற்று உலர்ந்து கிடந்தது. ஆகவே உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. துத்தநாகம் கடல்நீரில் நின்றதாயினும் வெப்பமாற்றியோடு தொடர்பற்று வாளா நின்றது.

தொடர்பு ஏன் வேண்டும்? 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து மின்னோட்டம் உண்டாக்கினார். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு உப்புநீரில் நிற்குமாயின் அங்கும் இதுவே நிகழும், அவற்றுள் எது எளிதிற் கரையும் இயல்பினதோ அது கரையும், மற்றது பிழைக்கும். செம்பினும் பித்தளையினும் இரும்பினும் துத்தநாகம் எளிதிற் கரைவது.

இவ்வியல்பைக் கப்பலுக்கு முதலிற் பயன்படுத்த முனைந்தவர் ஆங்கில அறிஞர் அம்ப்ரி டேவி. அக்காலத்து மரக்கப்பல்களின் அடிப்புறத்தைக் கடற்புழு துளையாவண்ணம் செப்புத்தகடு பொதிந்திருந்தனர். செம்பைக் கடல்நீர் அரித்தது. 1824ஆம் ஆண்டில் டேவி, துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ செம்போடு சேர்த்தால் அரிப்பு நிற்கும் எனக் காட்டினார். சமராங் என்னும் போர்க்கப்பலிலும் அது சோதிக்கப்பட்டது. செம்பு அரிக்கப்படவில்லை. ஆனால் விளைந்தது வேறு! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகியதனாலேயே பாசியும் கொட்டலசும் கப்பலில் ஒட்டாதிருந்தன. செம்பு கரைவது நின்றதும் அவை அடர்ந்து பற்றின. கப்பல்களின் விரைவு குன்றியது. கடற்படையினர் அத்துண்டுகளைக் கழற்றிவிட்டனர். ஆய்வு வென்றது, பயன் தோற்றது. டேவியின் மனம் எத்துணை வருந்தியிருக்கும்! பின்னாளில் இரும்புக் கப்பல்களும் எஃகுக் கப்பல்களும் பெருகிய காலத்து அவர் கண்ட நெறியே அவற்றைக் காப்பதாயிற்று.

ஆங்கிலேயர் இக்கோலுக்குப் ‘பலியாவது’ என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். எனக்கு அது உவப்பாக இல்லை. பலி என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும். இதுவோ தன் இயல்பாற் கரைகிறது. பெயரைப் பற்றிப் பேசுங்கால் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. கீழ்நாடுகளிலிருந்து சென்ற துத்தநாகத்தை ஐரோப்பிய வணிகர் ‘டுட்டனேக்’ என வழங்கினர். நம் நாட்டுச் சொல்லே போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு அங்ஙனம் திரிந்தது. மகனிடம் இதனைச் சொன்னேன். “அப்பா, விளக்கைச் சற்று இப்பக்கம் காட்டுங்கள்” என்றான் அவன்.

புதிய வெப்பமாற்றி வந்தபின் அடுத்த இரண்டு திங்களும் இயல்பாகக் கழிந்தன. ஆகத்து இறுதியிற் கோலை மாற்றும் நாள் வந்தது. எந்திரம் ஆறிய பிறகு, கடல்நீர் உட்புகும் குழாயை அடைத்தான். ஸ்பேனரால் மூடியைத் திருகினான். சிறிது நீர் ஒழுகிற்று. வெளிவந்த கோலைக் கண்டு வியந்தேன். பாதியளவே எஞ்சியிருந்தது, கறையான் தின்ற மரக்குச்சிபோல் மேடுபள்ளமாய், வெண்ணீறு பூத்து, விரலால் தொட்டவுடன் உதிர்ந்தது. உதிர்ந்த துணுக்குகள் உள்ளே தங்கிக் குழாயை அடைத்துவிடும் என்று சொல்லி, மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தான். இதற்கே அரைமணி நேரம் சென்றது. பின் மூடியின் திருகுமரையைப் பளிச்செனத் துடைத்துப் பசை ஏதுமின்றிப் புதுக்கோலைப் பொருத்தினான்.

குழாய் திறக்கப்பட்டது. எந்திரம் முழங்கிற்று. மூடியின் ஓரத்தில் கசிவு உண்டா என்று நான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், இல்லை. படகின் பின்புறத்தே கடல்நீர் விட்டு விட்டுக் கொப்பளித்து வெளிவந்தது. மகன் எண்ணெய்க் கையைத் துடைத்தவாறே குறிப்பேட்டை என்னிடம் நீட்டினான். நாளையும், பழைய கோலில் எஞ்சிய அளவையும் அதில் எழுதி வைத்தேன்.