குதிர் கரைந்தது

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிப்பதற்காகவே கிராமத்து வீட்டை விட்டுத் தஞ்சையில் ஓர் அறை வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம்.

ஆட்டுக்கல் சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று. உரலை எதிர்வீட்டு அத்தை எடுத்துக்கொண்டார். எஞ்சியது குதிர். களிமண்ணும் வைக்கோலும் குழைத்து, உறை உறையாகச் செய்து அடுக்கி, சாணமிட்டு மெழுகியவை அப்பாயியின் கைகள். 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம் என்ற கணக்கை நான் கற்றது பள்ளியில் அல்ல. நெல் சரியும் அந்தக் குதிரின் வாயருகேதான்.

நிலம் கைமாறிய பின் அதில் நெல் இல்லை. ரேஷன் அரிசிக்கு ஒரு டின் போதும். ஆயினும், ‘உடைத்துவிடலாம்’ என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

அப்பாயியே எழுந்தாள். உறைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, முருங்கையடியில் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

“மண்ணுதானேடா! நெல்லுக்குன்னு செஞ்சேன், இனி மரத்துக்கு ஆகட்டும். நீ நல்லாப் படி” என்றாள். குரல் தழுதழுக்கவில்லை. ஆனால் அன்றிரவு புது வீட்டில் அவள் சாப்பிடவில்லை.

நண்பர்களே! பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது என்று வகுப்பில் படிக்கிறோம். அப்பாயி அதைப் படிக்காமலே செய்து காட்டினாள். ஆனால் அவள் இழந்ததை நிறுக்கும் தராசு நம் ஆய்வகத்தில் இல்லை. நாளை நான் பட்டம் பெறலாம். இந்தக் கடனை எந்த மரக்காலால் அளந்து கொடுப்பேன்?

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)