கொல்லிமலையில் கோழி அடையும் நேரம்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளிக்கு வந்துவிட்டால் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். நான் ஏறியது ஆகாய கங்கை அருவியைப் பார்க்க அல்ல. கோழி தூங்கப் போவதைப் பார்க்க. சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். புரட்டாசியில் 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி, புரூடரில் பல்பு போட்டு வளர்த்தேன். எட்டு வாரம் ஆனதும் புதிதாகக் கட்டிய கொட்டகைக்கு மாற்றி, மறுநாளே மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டேன். பகலெல்லாம் நன்றாக மேய்ந்தன. பொழுது சாய்ந்தால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வாசலிலேயே கும்பலாக உட்கார்ந்துகொண்டன. குச்சியை எடுத்து விரட்டி, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மூச்சு முட்டி 9 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பயந்துபோய் அடுத்த இரண்டு நாள் வெளியிலேயே விட்டேன். மரநாய் நான்கைத் தூக்கிப் போய்விட்டது. மிச்சம் 47.

கீழே நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் இந்தப் பிரச்னையே இல்லை. அங்கே கோழி கம்பிக் கூண்டை விட்டு இறங்குவதே கிடையாது. திறந்துவிட்டு வளர்ப்பவனுக்குத்தான் இந்த மாலை நேரத்துப் பாடு. மலையில் மிளகு வாங்கப் போகும் வியாபாரி ஒருவர்தான், “மேல ஒரு பாட்டி இருக்காங்க, போய்ப் பாருங்க” என்று வழி சொன்னார்.

சோளக்காடு தாண்டி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். சேர்ந்தபோது மணி ஐந்து. மார்கழிக் குளிர் அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. மண் வீட்டை ஒட்டி, கல் அடுக்கி இரண்டடி உயரத்தில் மூங்கில் கூடு. என் கதையைக் கேட்ட பாட்டி முதலில் கேட்டது, “வாசப்படி எந்தப் பக்கம் சாமி?”

“மேற்கு.”

“சாயங்காலம் வெளியில வெளிச்சம் கிடக்கு, உள்ளே கும்மிருட்டு. கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாதே! வெளிச்சத்தை விட்டுட்டு இருட்டுக்குள்ள எப்படிப் போகும்?”

இத்தனை நாள் அவற்றின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரை மணிக்குப் பெரிய கோழிகள் தாமாகவே வந்து ஏறிக்கொண்டன. இரண்டரை மாத இளங்கோழிகள் பதினைந்து மட்டும் கீழே நின்று கத்தின. அவற்றுக்குக் கூட்டிலேயே தனித் தடுப்பு. இல்லாவிட்டால் பெரியவை கொத்தி விரட்டிவிடுமாம். பாட்டி ஒரு சோலார் விளக்கை உள்ளே பின்சுவர்ப் பக்கம் மாட்டினார். வெளியே மங்கத் தொடங்கியதும், உள்ளே மட்டும் வெளிச்சம். ஒரு கைப்பிடி சாமையை உள்ளே தூவி, “பா... பா...” என்றார். முதலில் ஒன்று. பின்னால் நாலைந்து. பத்து நிமிடத்தில் பதின்மூன்று உள்ளே போய்விட்டன. மீதி இரண்டையும் விரட்டவில்லை. நன்றாக இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, இரு கைகளாலும் தூக்கி, ஓரடி உயரத்தில் கட்டியிருந்த கழியில் உட்கார வைத்தார். பொம்மை போல உட்கார்ந்திருந்தன. இருட்டியபின் கோழி திமிறாது.

விளக்கை அவர் உடனே எடுக்கவில்லை. எல்லாம் உட்கார்ந்த பிறகு, துணியைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்து, அப்புறம்தான் வெளியே கொண்டுவந்தார். பட்டென்று இருட்டானால் நிற்கிற குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடும். அந்த மூலைகளிலும் சாக்கில் சருகு திணித்து, வளைவாக அடைத்திருந்தார். என் 9 குஞ்சுகள் நினைவுக்கு வந்தன.

“புது இடம்னா ஒரு வாரம் தீனி தண்ணி வெச்சு உள்ளேயே போட்டு வெய்யி. அதுதான் வீடுன்னு தெரியணும்ல” என்றார். நான் அந்த ஒரு வாரத்தைத்தான் விட்டுவிட்டேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஒழுங்காக அடைந்துகொண்டிருந்த கோழிகள் திடீரென்று உள்ளே போக மறுத்தால், ராத்திரியில் டார்ச் அடித்துக் கழியின் வெடிப்புகளைப் பார்க்க வேண்டும். பகலில் அதில் ஒளிந்திருக்கும் செஞ்செள் ராத்திரியில் இறங்கி ரத்தம் உறிஞ்சுமாம்.

செம்மேட்டில் தங்கி மறுநாள் இறங்கினேன். முதல் வேலையாக மூலைகளில் பலகை அடித்தேன். எட்டு நாள் கோழிகளை வெளியே விடவில்லை. ஒன்பதாம் நாள் மாலை நான்கு மணிக்குத்தான் திறந்தேன். இரண்டு மணி நேரம் மேய்ந்தால் போதும், வீட்டை விட்டுத் தூரம் போகாது. ஐந்தே முக்காலுக்கு உள்ளே விளக்கு, கொஞ்சம் கம்பு. அன்று 11 வெளியே நின்றன. இருட்டியதும் தூக்கி வைத்தேன். நான்காம் நாள் மூன்று. இப்போது விளக்கே தேவைப்படவில்லை.

ராத்திரி எண்ணாமல் மட்டும் படுப்பதில்லை. 46 சரியாக இருக்கும். நாற்பத்தேழாவது, ஒரு செவலைச் சேவல், இன்னமும் முருங்கை மரத்தில்தான் ஏறுகிறது. ஏணியைச் சாத்தி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.