கரும்பலகை திரும்பி வந்த கதை

ஆடி மூன்றாம் வெள்ளி அன்னதானத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு பத்தாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான்தான். சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

நம்ம சமையல்கட்டில் முன்பு ஒரு கரும்பலகை இருந்தது. யார் காய் நறுக்குவது, யார் சோறு வடிப்பது எல்லாம் அதில் இருக்கும். ஒருத்தர் வர முடியாவிட்டால் இன்னொருத்தர் அந்தப் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிவிடுவார். 300 பேருக்கு 30 கிலோ அரிசி என்று கணக்கு. ஆனால் அங்கே ஒரு அக்கா வாசலில் கிடக்கும் செருப்பை எட்டிப் பார்த்தே, "தம்பி, இன்னும் அஞ்சு கிலோ போடு" என்பார்.

நான் பலகையைக் கழற்றிவிட்டு கூகள் ஷீட் போட்டேன். பெயர் மாற்ற என்னைத்தான் கேட்க வேண்டும் என்று பூட்டும் போட்டேன். அன்று சோறு வடிக்க இருந்த இருவரில் ஒருத்தருக்குக் காய்ச்சல். எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நான் வேலையில், போன் லாக்கரில். ஷீட்டில் இரண்டு பெயர் இருந்ததால் வேறு யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. தனி ஆளால் ஒரு அண்டாதான் வடிக்க முடிந்தது. வேலை முடிந்து வந்த நான், "ஏன்க்கா பார்க்கலை?" என்று அக்காவைக் கோபித்தேன். அடுத்த வெள்ளி அவர் வரவில்லை.

பேக்டரியில் எனக்குத் தெரிந்த பாடம்தான் இது. எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் என்று சிஸ்டத்தில் இருக்கும். "மெஷின் சத்தம் மாறுது, பார்த்துக்கோ" என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அது சிப்டு மாறும்போது ஆளுக்கு ஆள் வாயால் சொல்வது. டொயோட்டாவின் கான்பான்கூட வெறும் அட்டையாக வந்ததுதான். லைனில் நிற்பவரே எடுத்து மாட்டலாம். இதையெல்லாம் படித்துவிட்டு, கோயிலில் மறந்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பசியோட போனவங்களை நினைச்சாத்தான்பா கஷ்டமா இருக்கு. நீ திட்டினது போகட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பலகை பழைய இடத்தில் இருக்கிறது. பூசைக்கு முன் ஒரு தம்பி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ஷீட்டும் இருக்கிறது, அரிசி பருப்பு இருப்புக்கும் உபயக் கணக்குக்கும் மட்டும்.

வரும் வெள்ளி காய் நறுக்க ஆள் தேவை. போன் இல்லாதவர்களும் வாங்க. சாக்பீஸ் பலகைக்குக் கீழேயே இருக்கு. அம்மன் துணை.