செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

‘புது பேட்டரி போட்டும் டிராக்டர் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. என்ன செய்யலாம்?’ சேற்றுழவு தொடங்கும் பருவத்தில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒரு விவசாயியின் அனுபவத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

அவரிடம் இருப்பது 1996-ல் வாங்கிய 35 ஹெச்.பி. டிராக்டர். சொந்த வயலை உழுதது போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் ஓட்டுவார். மகனின் படிப்புச் செலவு பெரும்பாலும் அந்த வாடகையில்தான் நடக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ‘ர்ர்... ர்ர்...’ என்று இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றினார். மூன்று மாதம் நன்றாக எடுத்தது. பிறகு பழைய கதைதான். இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. புது பேட்டரியில் இருந்த கூடுதல் தெம்பு, பழுதைக் கொஞ்ச நாள் மறைத்து வைத்ததே தவிர, பழுது அங்கேயேதான் இருந்தது.

பழகிப்போன பழுது

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி தீப்பொறி கொடுக்க பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. இதற்கு இன்ஜினை நிமிஷத்துக்குச் சுமார் 150 முதல் 200 சுற்றாவது செல்ஃப் மோட்டார் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்துவிடும், சூடும் இறங்கிவிடும். அதனால்தான் ‘சுத்துது, ஆனா எடுக்கல’ என்ற நிலை வருகிறது.

அந்தக் குடும்பம் இதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. வண்டியை வாய்க்கால் கரை மேட்டில் நிறுத்தி, இறக்கத்தில் உருட்டி எடுத்தார்கள். சேற்றில் தள்ளி எடுக்க முடியாது என்பதால், சாப்பாட்டு நேரத்திலும் இன்ஜினை அணைப்பதில்லை. டீசல் வீணாக எரிந்தது. நடுவயலில் அணைந்துபோனால், பக்கத்து வயல்காரரின் டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

அதற்கும் மேலே, மகன் ஒரு குறுக்கு வழியைக் கற்றுக்கொண்டான். சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றபடி, ஸ்குரூ டிரைவரால் சோலினாய்டின் இரண்டு போல்ட்டையும் சேர்த்துத் தொட்டு எடுப்பான். ஒரு நாள் வண்டி கியரில் இருந்ததைக் கவனிக்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் இன்ஜின் எடுத்து வண்டி பாய்ந்தது. கேஜ் வீல் அவன் கைலியைக் கிழித்துக்கொண்டு போனது. வரப்பில் ஏறி, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது டிராக்டர். பையன் மறுபக்கம் விழுந்ததால் பிழைத்தான்.

கியர் நியூட்ரலில் இருந்தால் அல்லது கிளட்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி பல டிராக்டர்களில் ஒரு காவல் சுவிட்ச் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் தொட்டு எடுத்தால் அந்தக் காவல் வேலை செய்யாது. இப்படி எடுக்கவே கூடாது.

மீட்டர் சொன்ன கணக்கு

அன்று சாயங்காலமே டவுனிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தார் விவசாயி. “தம்பி, இந்த தடவை எந்தச் சாமானையும் மாத்துறதுக்கு முன்னாடி, எது போயிருக்குன்னு காட்டிட்டு மாத்துங்க” என்றார்.

“காட்டிடலாம் அண்ணே” என்று மல்டிமீட்டரை எடுத்தார் அவர். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் எடுக்காமல் சுற்ற மட்டும் செய்தது.

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். அதாவது முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 11.2. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நேரம் மோட்டாருக்குக் கிடைத்தது 9.1 வோல்ட்தான். நடுவில் 2.1 வோல்ட் எங்கே போனது?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முள், மோட்டார் போல்ட்டில் மறுமுள். சுற்றும்போது 0.5 வோல்ட். அடுத்து, நெகட்டிவ் முனையில் ஒன்று, மோட்டாரின் உடம்பில் ஒன்று. 1.6 வோல்ட் காட்டியது. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட் வரை விடலாம். எர்த் பக்கம் 0.3-ஐத் தாண்டக் கூடாது. வருஷக்கணக்கில் சேற்றுத் தண்ணீர் பட்டு, எர்த் கேபிள் முனை உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துக் கிடந்தது.

கேபிளை மாற்றி, அது பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி இறுக்கினார். மறுநாள் காலை ஒரே திருப்பில் எடுத்தது. ஆனால் இரண்டு மணி நேரம் உழுதுவிட்டு அணைத்து எடுத்தபோது, மறுபடி அதே இழுவை. மகன் சோர்ந்துபோய், “வித்துடலாம்ப்பா” என்றான்.

எலக்ட்ரீஷியன் சூட்டோடு சூடாக அளந்தார். இந்த முறை பேட்டரி முனையிலேயே வோல்ட் 8.8-க்கு இறங்கியது. நல்ல பேட்டரி, நல்ல ஒயர் இருந்து, சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால், மோட்டார் அளவுக்கு மேல் கரன்ட்டை இழுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் இறுகியிருந்தாலும் இப்படிக் காட்டும். கையால் ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்தார், இறுக்கம் இல்லை. “இப்போ மோட்டாரைக் கழட்டலாம் அண்ணே.”

கழற்றுவதும் மாட்டுவதும்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினார். ஒயர்களுக்கு அடையாளம் கட்டினார். மோட்டார் நல்ல கனம் என்பதால், மகனைக் கீழே தாங்கச் சொல்லிவிட்டு போல்ட்டுகளை எடுத்தார்.

பிரித்தபோது புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது. கார்பன் பிரஷ்ஷும் குட்டையாகியிருந்தது. பிரஷ், புஷ் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், செலவு குறைவு. இங்கே காயிலும் கருகியிருந்தது. எனவே பழையதைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த மோட்டார் வாங்கினார்கள். மாட்டும் முன் பல் எண்ணிக்கை, போல்ட் துளை, சுற்றும் திசை மூன்றும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். ஃப்ளைவீலைச் சுற்றி ரிங் கியர் பற்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் பற்கள் உடைந்திருந்தால் புது மோட்டாரின் பல்லும் சேர்ந்து போகும். மோட்டார் உட்காரும் முகத்தைத் துருப் போகத் தேய்த்து மாட்டி, கடைசியாக நெகட்டிவ் கேபிளை இணைத்தார்.

மொத்தச் செலவு இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

மீட்டர் இல்லாதவர்கள் ராத்திரியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். லைட் நன்றாக எரிகிறது, ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால், ஒயர் இணைப்பு, சோலினாய்டு அல்லது பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். லைட் அடியோடு மங்கினால் பேட்டரி அல்லது அதிகம் இழுக்கும் மோட்டார். செல்ஃப் அடித்தவுடன் கேபிள் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எந்த முனை சுடுகிறதோ, அங்கே இணைப்பு சரியில்லை. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் இரண்டு நிமிஷம் ஆறவிடுங்கள்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இப்போது அந்த டிராக்டரின் டூல் பாக்ஸில் இருக்கிறது. கேஜ் வீல் மாட்டும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால், மகனே எர்த் முனையைச் சுரண்டி அளந்து, நோட்டில் எழுதி வைக்கிறான். மதியம் சாப்பிட வரப்புக்கு வரும்போது இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.