லண்டனில் ஒரு மாதம், கடனில்லாமல்



"மகன் லண்டனில் இருக்கிறான்", "மகள் அங்கே செவிலியராக வேலை செய்கிறாள்" என்று சொல்லும் பெற்றோரை இன்று நம் சபைகள் பலவற்றில் காணலாம். பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளோ கடலையும் தாண்டிவிட்டார்கள். "அம்மா, அப்பா, ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள்" என்று அவர்கள் அழைக்கும்போது உள்ளம் பூரிக்கிறது. அடுத்த நிமிடமே செலவைப் பற்றிய பயம் வந்துவிடுகிறது. சிலர் அந்தப் பயத்தினாலே போகாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் நகையை அடகு வைத்துப் போய், திரும்பி வந்து இரண்டு வருடம் வட்டி கட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டியதில்லை.

லண்டன் உலகத்தின் விலையேறப்பெற்ற நகரங்களில் ஒன்று என்பது உண்மையே. ஆனால் அந்த விலை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்குரிய விலை. அங்கே பேருந்து ஓட்டுகிறவரும் மருத்துவமனையில் தரை துடைக்கிறவரும் அந்நகரத்தில்தானே குடும்பம் நடத்துகிறார்கள்? நீங்கள் இந்த நகரத்துக்கு முதன்முதல் வந்த மாதத்தை எண்ணிப் பாருங்கள். அறை எங்கே மலிவு, எந்த வண்டிக்குப் பாஸ் எடுப்பது, காய்கறி எங்கே வாங்குவது என்ற மூன்று கேள்விகளைத்தான் கேட்டீர்கள். லண்டனிலும் கேட்கவேண்டியவை அந்த மூன்றே. விருந்தாளியைப்போல அல்ல, குடியிருப்பவரைப்போல ஒரு மாதத்தைத் திட்டமிடுங்கள்.

காலமும் விசாவும்

ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் அங்கே பள்ளி விடுமுறைக் காலம். விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டும் இறங்கும். ஆனால் குளிர் கடுமையாயிருக்கும், மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும், கம்பளி உடைகளுக்கும் தனிச் செலவுண்டு. முதியவர்களுக்கு மே மாதமும் செப்டம்பர் மாதமும் ஏற்றவை.

பார்வையாளர் விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே கட்டணம். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆகையால் கவனமாய் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இவ்வளவு தொகை இருக்கவேண்டும் என்று சட்டம் ஒரு எண்ணைச் சொல்லவில்லை. செலவுக்குப் போதுமான பணம் உண்டு என்றும், அது நேர்மையாய் வந்தது என்றும், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்றும் அதிகாரிக்குத் தெளிவாக வேண்டும். கடைசி வாரத்தில் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது உதவாது. திடீரென்று வந்த தொகையே சந்தேகத்தை உண்டாக்கும். செலவைப் பிள்ளை ஏற்றால், அவருடைய கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விசா கைக்கு வரும் முன்பு பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதிருங்கள்.

தங்குமிடம்: பாதிச் செலவு இங்கேதான்

பிள்ளையின் வீட்டிலே தங்குவதுதான் மலிவு. ஆனாலும் ஒன்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லண்டனில் வேலை செய்யும் இளைஞர் பலர் முழு வீட்டையல்ல, ஒரு வீட்டில் ஒரு அறையை மட்டுமே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சமையலறையும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. விருந்தினரை எத்தனை நாள் தங்கவைக்கலாம் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம். வெட்கத்தினால் பிள்ளை இதை உங்களிடம் சொல்லாமல் இருக்கக்கூடும். "அங்கே எங்களுக்கு இடம் இருக்கிறதா?" என்று நீங்களே அன்பாய்க் கேளுங்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பெற்றோரைத் தங்கவைத்ததினால் பிள்ளை வீட்டை இழக்கக் கூடாது.

இடமில்லையென்றால் அதே பகுதியில் நான்கு வாரத்துக்கு ஒரு அறை எடுக்கலாம். பகலெல்லாம் பிள்ளையோடும், இரவில் உங்கள் அறையிலும் இருக்கலாம். போக்குவரத்துக்காக லண்டனை நடுவிலிருந்து வெளியே வளையம் வளையமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு வளையங்களில் வாடகை மிக அதிகம். மூன்று, நான்காம் வளையங்களிலுள்ள ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, டூட்டிங் போன்ற பகுதிகளில் வாடகை குறைவு. இரயிலும் நேராக உண்டு. ஈழத்திலிருந்து குடியேறிய தமிழரின் கடைகள் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நிறைய இருக்கின்றன. ஆங்கிலம் தயங்குகிற தாய்மார்கூட அங்கே தனியே கடைக்குப் போய் வரலாம்.

இணையத்தில் அறை தேடும்போது 28 இரவுகள் அல்லது அதற்கு மேல் தங்குவோருக்குப் பல வீட்டுக்காரர் மாத வாடகையில் தள்ளுபடி தருகிறார்கள். 25 நாள் வாடகையையும் 28 நாள் வாடகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுத்தம் செய்யும் கட்டணத்தையும் சேவைக் கட்டணத்தையும் கூட்டியபின் வரும் தொகையே உண்மையான வாடகை. இன்னொரு வழியும் உண்டு. கோடை விடுமுறையில் மாணவர் ஊருக்குப் போய்விடுவதால், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற கல்வி நிறுவனங்கள் தங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. அறை சிறியதாயினும் நகரத்தின் நடுவே, பாதுகாப்பான இடம். பதிவு செய்யும் முன்பு அங்கே பொதுச் சமையலறை உண்டா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிப்பு. மிகவும் மலிவான வாடகையைக் காட்டி, "முன்பணத்தை உடனே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் ஏமாந்தவர் உண்டு. பிள்ளையோ, தெரிந்த ஒருவரோ நேரில் போய் அறையைப் பார்க்கும்வரை பணம் அனுப்பாதீர்கள்.

சமையலும் பெட்டியும்

சமையலறை இருந்தால் உணவுச் செலவு பாதிக்கு மேல் குறையும். அரிசி, பருப்பு, மசாலாப் பொருட்கள் அங்கேயே கிடைக்கும். ஆல்டி, லிடில் போன்ற பேரங்காடிகளில் விலை குறைவு. அன்றே விற்கவேண்டிய பொருட்களுக்குப் பல கடைகளில் மாலையில் விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. பாட்டில் தண்ணீர் வாங்கவேண்டாம்.

இங்கிருந்து இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுபோகச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. ஆசையோடு கட்டிக்கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிபோகும். பச்சைக் காய்கறி, கீரை, பழங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பொடி வகைகளை எடுத்துச் செல்லுங்கள்.

போக்குவரத்து

மும்பையில் சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது எளிது. லண்டன் பேருந்தில் 2014 முதல் ரொக்கப் பணம் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் என்னும் அட்டையையோ வங்கி அட்டையையோ தொட்டு ஏறவேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி பேருந்தில் ஒரு பயணம் 1.75 பவுண்டு. முதலாவது தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் அதே கட்டணந்தான். எத்தனை முறை ஏறினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரை 24.70 பவுண்டுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். பேருந்தை மட்டுமே நம்பினால் ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு 98.80 பவுண்டு. சுரங்க இரயில் விரைவானது, ஆனால் கட்டணம் அதிகம். அதிலும் காலை 9.30-க்கு முன்பும், மாலை 4 முதல் 7 மணி வரையிலும் கட்டணம் கூடும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பேருந்து இலவசம்.

மருத்துவக் காப்பீடு

இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். அவசரப் பிரிவில் முதற்சிகிச்சை இலவசம். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் வெளிநாட்டுப் பார்வையாளரிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். சர்க்கரை நோயையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்து எடுத்த காப்பீடு வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. ஒரு மாத மருந்தோடு மருத்துவரின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பணமில்லாமல் காணத்தக்கவை

இந்நகரத்தில் மிகவும் அருமையானவை பல இலவசமாகவே இருக்கின்றன. 1759-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே அசீரிய ராஜாவாகிய சனகெரிப் லாகீஸ் பட்டணத்தை முற்றிக்கை போட்டுப் பிடித்த காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நினிவேயில் அவனுடைய அரண்மனைச் சுவரில் இருந்த கற்கள் இவை. 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். கோரேஸ் ராஜாவின் களிமண் உருளையும் அங்கே உண்டு. யூதரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் சிறைப்பட்டவர்களைச் சொந்த ஊர்களுக்குத் திருப்பி அனுப்பிய அவனுடைய வழக்கத்தை அது கூறுகிறது.

யூஸ்டன் சாலையிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் பொக்கிஷ அறையும் இலவசமே. நான்காம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியாகிய சினாய் சுவடியின் பெரும்பகுதி இந்நூலகத்தில் இருக்கிறது. முழுப் புதிய ஏற்பாட்டையும் உடைய பிரதிகளில் மிகப் பழமையானது அது. 1933-இல் பிரிட்டன் அதைச் சோவியத் அரசிடமிருந்து 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது.

சிட்டி ரோட்டிலுள்ள பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் 'மோட்ச பிரயாணம்' எழுதிய ஜான் பனியனும், பல ஞானப்பாட்டுகளை எழுதிய ஐசக் வாட்ஸும், ஜான் வெஸ்லியின் தாயாகிய சூசன்னாவும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். எதிரிலேயே 1778-இல் வெஸ்லி கட்டிய ஆலயம். ஒரே பேருந்துக் கட்டணத்தில் ஒரு முழுநாள்! வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியையும் பரிசுத்த பவுல் பேராலயத்தையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் அதிகம்; ஆராதனைக்குச் செல்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாக ஒன்று

அங்கே போனபின் ஒவ்வொரு பொருளின் விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, தேநீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெற்றோர் உண்டு. அதைக் கண்டு பிள்ளையின் மனம் வாடும். ஆகையால் பெருக்கிப் பார்ப்பதையெல்லாம் இங்கேயே முடித்துவிடுங்கள். வாடகை, பயணம், உணவு, காப்பீடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, அதை நாள்களால் வகுத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள பணம் அதற்குப் போதாவிட்டால் மூன்று வாரமாய்க் குறையுங்கள்; அல்லது ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் போங்கள். போதுமானால் சமாதானத்தோடே போங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு பவுண்டு என்று குறித்துக்கொண்டதை நிம்மதியாய்ச் செலவு செய்யுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் எங்கும் போகாமல் வீட்டிலே இருங்கள். வேலை முடிந்து களைத்து வரும் பிள்ளைக்கு அம்மாவின் கையால் சூடான இரசம் சோறு, அப்பாவோடு சற்று நேரப் பேச்சு, சேர்ந்து ஒரு குடும்ப ஜெபம். அதற்காகத்தானே இத்தனை தூரம் போகிறீர்கள்? உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.