காபி குடித்தும் தூங்குகிறவர், தூங்காதவர்



"ராத்திரி பத்து மணிக்கு காபி குடித்தாலும் படுத்ததும் தூங்கிவிடுவேன். உனக்கு மட்டும் என்ன?" கல்யாண வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பெருமையும் இல்லை, கேலிக்கும் இடமில்லை. அவரவர் உடல்வாகு.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி கழியச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு 2 மணி, சிலருக்கு 9 மணி. கர்ப்பிணிகளுக்கு இன்னும் தாமதமாகும்.

ஆழ்ந்த தூக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அடினோசினைச் சிதைக்கும் நொதியின் மரபணு வேறுபாடே சிலருக்கு ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுகிறது என்று சூரிச் ஆய்வாளர்கள் 2005இல் கண்டார்கள்.

தூக்கம் கெட்டால் உடல் முதலில் ஆழ்ந்த தூக்கத்தைத்தான் ஈடுகட்டும். 1964 ஜனவரியில் 11 நாள் விழிப்பை முடித்த அமெரிக்க மாணவர் ராண்டி கார்ட்னர், முதலில் தூங்கியது 14 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இழந்த மணிகள் எல்லாம் திரும்பவில்லை.

ஆகவே, நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கும் மகளையோ மருமகளையோ "பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பது மணிக்கே எழுந்துவிட்டாள்" என்று எழுப்பாதீர்கள். அது சோம்பல் அல்ல. பிற்பகலுக்குப் பிறகு காபியை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். உங்கள் அளவு உங்களுக்கே தெரியும்.