மீனின் கண்ணுக்குக் கட்டுவது

மேஃப்ளை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றடிக் கற்களின் இடுக்கில் இளம்பூச்சியாகக் கழிக்கிறது. பல இனங்களில் ஏறக்குறைய ஓராண்டு. பிறகு நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலுரித்து, சிறகை நிமிர்த்தி மிதக்கிறது. பறந்துபோனால் கரையோரச் செடியில் அமர்ந்து இன்னொரு முறையும் தோலுரிக்கும். சிறகு வந்தபின் தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றுதான். அதற்குள் உண்ணும் வாயும் பயனற்றுப் போயிருக்கும். அது மிதக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ட்ரவுட் மீன் கீழே காத்திருக்கிறது. தூண்டில் முள்ளில் நாம் கட்டப் பார்ப்பதும் அந்த நொடிகளைத்தான்.

நான் விரும்பிக் கட்டுவது ஆடம்ஸ் என்னும் செயற்கைத் தூண்டில் பூச்சி. 1922-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே உருவாக்கி, நண்பர் சார்லஸ் ஆடம்ஸின் பெயரை வைத்தார். 14-ஆம் எண் முள், வாலுக்குச் சில இறகிழைகள், உடலுக்கு மஸ்க்ராட் என்ற நீரெலியின் சாம்பல் நிற அடிமயிர். மயிரை நூலில் திரித்துச் சுற்றும்போது கை தாராளம் காட்டக்கூடாது. உடல் பருத்தால் நீரைக் குடித்துவிடும். நிமிர்ந்த சிறகுகளுக்கு இரண்டு இறகு நுனிகள் போதும்.

பிறகு சேவலின் கழுத்திறகு. பழுப்பு ஒன்று, கறுப்பு வெள்ளை வரியோடியது ஒன்று, இரண்டையும் சேர்த்துச் சுற்றச் சுற்ற இழைகள் விறைத்து நாற்புறமும் நிற்கின்றன. எனக்கு அலுக்காத கட்டம் இது. அந்த நுனிகள் நீர்ப்பரப்பைக் கிழிக்காமல் அழுத்தி நிற்பதால்தான் முள் மிதக்கிறது.

மேலிருந்து பார்த்தால் ஆடம்ஸ் எந்தப் பூச்சியையும் அச்சாக ஒத்திருக்காது. ஆனால் பார்க்கப்போவது நாமல்ல. நீருக்குள்ளிருக்கும் கண்ணுக்கு வெளியுலகம் தலைக்கு மேல் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிய வட்டச் சாளரம். அதைச் சுற்றி நீர்ப்பரப்பு வெறும் முகம்பார்க்கும் கண்ணாடி. தூண்டில்காரர் வின்சென்ட் மரினாரோ சாய்ந்த கண்ணாடித் தொட்டி வைத்து இதைப் படமெடுத்து, 1976-ல் நூலாக வெளியிட்டார். தொலைவில் மிதந்து வரும் பூச்சியின் கால் பதிந்த இடங்கள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். நெருங்கும்போது சாளர விளிம்பில் முதலில் சிறகு எட்டிப் பார்க்கும். உடல் தெரிவது அதற்குப் பின்புதான்.

பூச்சியின் கண்ணையும் கால் கணுவையும்கூட உருவாக்குபவர்களின் பொறுமை பெரிது. ஆனாலும் என் உழைப்பை இழைகளுக்கும் சிறகுக்குமே கொடுப்பேன். தலையில் முடிச்சிட்டு நூலை நறுக்கியதும், கண்ணாடிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டு அடியிலிருந்து பார்க்கிறேன். வால் அமிழ்ந்தால், அடுத்ததற்கு இன்னும் இரண்டு இழை கூட்டுகிறேன்.